காதுக்காகக் கட்டப்படாத கட்டடம்

அருங்காட்சியகங்களைக் கட்டியவர்கள் கண்ணை மனத்தில் வைத்தே கட்டினார்கள். உயர்ந்த கூரை, வெள்ளைச் சுவர், வழுவழுப்பான கல்தரை, கண்ணாடிப் பேழை ஆகிய எல்லாமே பொருளைப் பார்ப்பதற்குத் தோதானவை. ஆனால் இவற்றில் ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒலியை உள்வாங்காமல் திருப்பி அனுப்பிவிடுகிற பரப்பு. ஒருவர் செருமினால் அடுத்த அறையில் இருப்பவர் திரும்பிப் பார்ப்பார். இப்படிப்பட்ட இடத்தில், ஒலியையே பொருளாகக் கொண்ட பரிசோதனை ஒலிக்கலையும், பார்வையாளர் முன் உடலாலும் செயலாலும் செய்யும் நிகழ்த்துகலையும் வேரூன்றியிருப்பது முரணாகத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நல்ல இசையரங்கம் இசைக்கு வழிவிட்டுத் தன்னை ஒதுக்கிக்கொள்ளும். அருங்காட்சியகக் கூடத்துக்கு அப்படி ஒதுங்கத் தெரியாது. அங்கே எழும் எந்த ஒலியிலும் கட்டடத்தின் குரலும் கலந்தே வரும். அந்தக் குரலைத் தொந்தரவாகக் கருதாமல், உடன் நிகழ்த்துகிற இன்னொருவராக ஏற்றுக்கொண்ட நிகழ்ச்சிகள்தாம் என் நினைவில் தங்கியிருக்கின்றன. மற்றவை எவ்வளவு பெரிய பெயர்களோடு வந்திருந்தாலும் தங்கவில்லை.

அறை ஒலியியல் என்ற துறையே ஓர் அருங்காட்சியகத்தின் குறையிலிருந்து பிறந்தது என்பதை ஒலிக்கலை பற்றி எழுதுகிறவர்கள்கூட அதிகம் சொல்வதில்லை. ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ஃபாக் கலை அருங்காட்சியகம் 1895இல் திறக்கப்பட்டபோது, அதிலிருந்த விரிவுரைக் கூடத்தில் பேசுகிறவரின் பேச்சு யாருக்கும் விளங்கவில்லை. வாயிலிருந்து புறப்பட்ட சொல் அடங்கி முடிய ஐந்தரை வினாடி ஆனது. அதற்குள் பின்னால் வந்த சொற்களெல்லாம் அதன்மேல் ஏறி ஒரே இரைச்சலாயின. இதைச் சரிசெய்யச் சொல்லி வாலஸ் சபைன் என்ற இளம் இயற்பியல் ஆசிரியரிடம் ஒப்படைத்தார்கள். அவர் பக்கத்திலிருந்த சாண்டர்ஸ் அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவு நேரத்தில் எடுத்துவந்து கூடத்தில் பரப்பி, ஓர் ஆர்கன் குழலை ஊதச்செய்து நிறுத்தி, ஒலி காதுக்கு எட்டாமல் போகும் கணத்தை நேரமானியில் குறித்துக்கொண்டே வந்தார். மெத்தைகள் கூடக்கூட, ஒலி நின்றபின்னும் அறையில் நீடிக்கும் முழக்கம் குறைந்தது. எந்த அளவில் குறைகிறது என்பதிலிருந்து அவர் கண்டறிந்த சூத்திரத்தைத்தான் கட்டடக் கலைஞர்கள் இன்றும் பயன்படுத்துகிறார்கள்: அறையின் கன அளவைக் கன மீட்டரில் கணக்கிட்டு, அதை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள பொருள்களின் மொத்த உறிஞ்சுதிறனால் (ஒலியை முழுதாக விழுங்கும் எத்தனை சதுர மீட்டர் பரப்புக்கு அவை சமம் என்ற கணக்கு) வகுத்தால், முழக்கம் அடங்குவதற்கான நேரம் வினாடிகளில் கிடைத்துவிடும்.

இந்தச் சூத்திரம் பொறியாளருக்கு மட்டும் உரியதன்று. நிகழ்ச்சி நடத்துகிறவரும் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். 20 மீட்டர் நீளமும் 10 மீட்டர் அகலமும் 6 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு காட்சிக்கூடத்தை எடுத்துக்கொள்வோம். கல்லும் சுண்ணப்பூச்சும் மட்டுமே உள்ள அதன் உறிஞ்சுதிறன் 60 சதுர மீட்டர் என்று வைத்துக்கொண்டால், முழக்கம் மூன்று வினாடிக்குச் சற்று மேல் நீடிக்கும். அதே கூடத்துக்குள் நூறு பேர் வந்து நின்றால், உடுத்திய ஆடையோடு ஆளுக்கு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர் வீதம் உறிஞ்சுதிறன் கூடிவிடும். முழக்கம் இரண்டு வினாடிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே பிற்பகலில் வெறுங்கூடத்தில் ஒத்திகை பார்த்த ஒலிக்கும் மாலையில் கூட்டத்தின் நடுவே எழும் ஒலிக்கும் இடையே அவ்வளவு வேறுபாடு இருக்கிறது. பார்வையாளரும் படைப்பில் பங்கேற்கிறார் என்று அறிமுக அட்டைகளில் அடிக்கடி எழுதுகிறார்கள். ஒலியைப் பொறுத்தவரை அது எழுத்துக்கு எழுத்து உண்மை. வந்து நின்றதாலேயே நாம் அந்த ஒலியை மாற்றிவிடுகிறோம்.

நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகம் 1943 பிப்ரவரியிலேயே இசையமைப்பாளர் ஜான் கேஜின் தாளவாத்தியக் கச்சேரியை நடத்தி, பூந்தொட்டியையும் மோட்டார் வண்டியின் பிரேக் டிரம்மையும் வாத்தியங்களாகக் கேட்கவைத்தது. ஆனாலும் அங்கே கட்டடம் கச்சேரிக்கு இடம் கொடுத்ததோடு சரி. கட்டடமே கலையின் உறுப்பாக மாறியது 1969ஐ ஒட்டிய மாதங்களில் என்று நினைக்கிறேன். அந்த ஆண்டு மே மாதம் அதே நகரின் விட்னி அருங்காட்சியகத்தில் இசையமைப்பாளர் ஸ்டீவ் ரைஷின் ஊசல் இசை நிகழ்த்தப்பட்டது. கூரையிலிருந்து கம்பிகளில் மைக்குகள் தொங்கும். ஒவ்வொன்றுக்கும் நேர் கீழே தரையில் ஓர் ஒலிபெருக்கி வானம் பார்த்துக் கிடக்கும். நிகழ்த்துநர்கள் மைக்குகளைப் பின்னுக்கு இழுத்து ஒரே நேரத்தில் விட்டுவிடுவார்கள். மைக் ஒலிபெருக்கியைக் கடக்கும்போதெல்லாம், கூட்டங்களில் மைக் ஊளையிடுவதைப் போல ஒரு கூவல் எழுந்து அறுபடும். ஊசலின் வீச்சு குறையக் குறையக் கூவல்கள் நீண்டுகொண்டே வந்து, கடைசியில் எல்லா மைக்குகளும் அசைவற்று நிற்கையில் ஒரே தொடர் ஒலியாகிவிடும். ஒயரைப் பிடுங்கியதும் முடிந்துவிடும். மைக்கை விட்டபின் நிகழ்த்துநருக்கு வேலையே இல்லை. அவரும் பார்வையாளரோடு உட்கார்ந்து கவனிக்க வேண்டியதுதான். அன்று மைக்குகளை இழுத்துவிட்டவர்களில் ரைஷோடு சிற்பி ரிச்சர்டு செராவும், கலைஞர் புரூஸ் நௌமனும், படமெடுப்பவரான மைக்கேல் ஸ்னோவும், இசையமைப்பாளர் ஜேம்ஸ் டென்னியும் இருந்தார்கள். அதைச் சிற்பம் என்று சொன்னாலும் சரி, இசை என்று சொன்னாலும் சரி; புவியீர்ப்பும் அறையும் சேர்ந்து அதை முடித்துவைத்தன.

அடுத்த ஆண்டு, 1970இல், நியூயார்க்கின் குகன்ஹைம் அருங்காட்சியகத்தில் இசையமைப்பாளர் ஆல்வின் லூசியேயின் 'நான் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறேன்' என்ற படைப்பு முதன்முறையாகப் பொதுமக்கள் முன் ஒலித்தது. இந்த வகைப் படைப்புகளில் எனக்கு மிக நெருக்கமானது இதுதான். ஒருவர் அறையில் அமர்ந்து சில வாக்கியங்களைப் பேசிப் பதிவுசெய்கிறார். அந்தப் பதிவை அதே அறையில் ஒலிக்கவிட்டு மறுபடி பதிவுசெய்கிறார்கள். அதையும் ஒலிக்கவிட்டு இன்னொரு முறை. இப்படியே திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். ஒவ்வோர் அறையும் தன் நீள அகல உயரத்துக்கு ஏற்ற சில அதிர்வெண்களை மட்டும் ஊட்டி வளர்க்கும். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே ஐந்து மீட்டர் இருந்தால் 34 ஹெர்ட்ஸிலும் அதன் மடங்குகளிலும் அறை உடன் அதிரும்; மற்றவற்றைத் தளரவிடும். ஒருமுறை கேட்டால் காதுக்குத் தெரியாத இந்தப் பாரபட்சம் சுற்றுக்குச் சுற்று பெருகுகிறது. முதலில் சொற்களின் விளிம்புகள் மழுங்குகின்றன. பிறகு மெய்யெழுத்துகள் போய்விடுகின்றன. முடிவில் பேச்சு இருந்ததற்கான அடையாளமாக அதன் ஏற்ற இறக்கம் மட்டும் எஞ்ச, சுவர்களின் நீண்ட பாட்டு நம்மைச் சூழ்ந்துகொள்கிறது. லூசியேக்குத் திக்குவாய். அந்தத் திக்கலையும் அறை கரைத்துவிடுவதைக் கேட்கும்போது, மனிதக் குரலைக் கல் கையேந்தி வாங்கிக்கொள்வதுபோல் இருக்கும். இதே படைப்பைத் தரைவிரிப்பும் திரைச்சீலையும் போட்ட அரங்கில் செய்தால் இவ்வளவும் நிகழ்வது கடினம். அதற்குப் பிடிவாதமான சுவர்கள் வேண்டும். அவை அருங்காட்சியகத்தில் இருக்கின்றன.

1969இன் இறுதியில் பாடகரும் இசையமைப்பாளருமான மெரிடித் மங்க் அதே குகன்ஹைமின் சுருள்பாதையில் எண்பதுக்கும் மேற்பட்ட நிகழ்த்துநர்களை நிறுத்திப் பாடவைத்தார். மேலிருந்து சுழன்று இறங்கும் குரல்களுக்கு அந்தக் கட்டடத்தைத் தவிர வேறு மேடை பொருந்தியிருக்காது. லண்டனின் டேட் மாடர்ன் அருங்காட்சியகத்திலுள்ள டர்பைன் கூடமோ வேறு விதமானது. 155 மீட்டர் நீளமுள்ள அந்தக் கூடத்தின் ஒரு முனையில் கைதட்டினால் மறுமுனையை எட்ட அரை வினாடிக்குச் சற்றுக் குறைவாகவும், திரும்பிவர ஏறக்குறைய ஒரு வினாடியும் ஆகும். 2004இல் நௌமன் அந்தக் கூடத்தில் கண்ணுக்கு எதையுமே வைக்காமல், நீளநெடுக ஒலிபெருக்கிகளைப் பொருத்தி 22 பேச்சுத் துணுக்குகளை ஒலிக்கவிட்டார். நடந்துபோகிறவரின் காதில் ஒரு குரல் தேய்ந்து அடுத்தது எழும்; நின்றுவிட்டால் இரண்டும் குழம்பும். முன்பு மின்நிலையமாக இருந்த அந்தக் கட்டடத்தில் மின்மாற்றிகளின் ரீங்காரமும் பின்னணியில் இருந்துகொண்டே இருந்தது. அவர் அதோடு மல்லுக்கட்டாமல் அதையும் சேர்த்துக்கொண்டார். 2012இல் அதே மின்நிலையத்தின் பழைய எண்ணெய்த் தொட்டிகளை நிகழ்த்துகலைக்கென்றே திறந்துவிட்டபோது, கான்கிரீட்டால் ஆன அந்த வட்ட அறைகளுக்கு ஏற்ற கலை முன்பே பிறந்து காத்திருந்தது.

நான் கண்ட ஒரு நிகழ்ச்சியைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். பழைய கட்டடத்தில் இயங்கும் ஓர் அருங்காட்சியகம். நடுக்கூடத்தில் ஒரு காலிப் பேழை. நிகழ்த்துநர் பேழையின் கண்ணாடியில் பட்டாணி அளவுள்ள தொடு மைக்குகள் நான்கை மெழுகால் ஒட்டியிருந்தார். இந்த மைக் காற்றில் வரும் ஒலியை அநேகமாகக் கேட்காது. தான் ஒட்டியிருக்கும் பொருளின் அதிர்வை மட்டும் கேட்கும். அவர் விரல்நுனியைத் தண்ணீரில் நனைத்துக் கண்ணாடியின் விளிம்பில் மிக மெல்ல இழுத்தார். முதலில் கீச்சென்ற ஒலிதான் வந்தது. பிறகு அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே வந்தபோது, அடியில் ஒரு தடித்த ஒலி எழுந்து கூரைக்குப் போய்த் தங்கியது. விரலை எடுத்த பிறகும் அது இறங்கி வரவில்லை. அவர் அடுத்த ஒலியை எழுப்பும் முன் ஒவ்வொரு முறையும் கூரையை அண்ணாந்து பார்த்துக் காத்திருந்தார். முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்த குழந்தைகளும் அவரைப் பார்த்துத் தாங்களாகவே அண்ணாந்தார்கள்.

பாதியில் அவர் கையை உயர்த்திச் சைகை காட்டினார். எங்கோ ஒரு பணியாளர் கூடத்தின் குளிர்சாதனக் காற்றோட்டத்தை நிறுத்தினார். அதுவரை அப்படி ஓர் இரைச்சல் இருந்ததே எங்களில் யாருக்கும் தெரியாது. அது நின்ற கணத்தில் கூடம் இரு மடங்கு பெரிதானதுபோல் இருந்தது. பின்வரிசையில் ஒருவர் மேலங்கியின் பொத்தானைக் கழற்றுவது கேட்டது. நிகழ்த்துநர் அதன்பின் கண்ணாடியைத் தொடவே இல்லை. ஈரம் உலர்வதால் கண்ணாடியில் உண்டாகும் மிக நுண்ணிய சொடுக்குகளை மட்டும் ஒலிபெருக்கியில் ஏற்றிவிட்டு, தானும் கேட்டுக்கொண்டு நின்றார். நிகழ்ச்சி முடிந்தபின் அந்தப் பணியாளரிடம் பேச வாய்த்தது. காற்றின் ஈரப்பதம் ஏறி இறங்கினால் பக்கத்து அறைகளிலுள்ள மரப்பொருள்களும் ஓவியங்களும் விரிந்து சுருங்கிச் சேதமடையும் என்பதால் அந்த இயந்திரத்தை ஒருபோதும் நிறுத்துவதில்லை என்றும், இருபது நிமிட அனுமதிக்காகப் சேகரிப்புப் பொருள்களைப் பேணும் பாதுகாப்புப் பிரிவோடு பல வாரம் பேசவேண்டியிருந்தது என்றும் சொன்னார். இருபது நிமிட அமைதியைப் பெறுவதற்காக ஒரு நிறுவனமே கூடிப் பேசியிருக்கிறது என்பதைக் கேட்டபோது, அந்த அருங்காட்சியகத்தின்மீது எனக்கு ஆழ்ந்த மதிப்பு உண்டாயிற்று.

பாதுகாப்புப் பிரிவினரின் அச்சம் வீண் அச்சமன்று. தாழ்ந்த அதிர்வெண் ஒலி சுவரையும் தரையையும் அலமாரியையும் ஆட்டும். ஆடும் தட்டின்மேல் நிற்கும் பொருள் மெல்ல மெல்ல இடம்பெயரும். 2013இல் மான்செஸ்டர் அருங்காட்சியகத்தில் பூட்டிய பேழைக்குள் இருந்த பழைய எகிப்தியச் சிறுசிலை ஒன்று தானாகத் திரும்பிக்கொண்டிருந்ததைப் படம்பிடித்து உலகமே வியந்தது. சாலைப் போக்குவரத்தும் பார்வையாளரின் காலடியும் எழுப்பிய அதிர்வும், சிலையின் சற்றே குவிந்த அடிப்பாகமும்தான் காரணம் என்று பின்னர் விளங்கியது. காலடிக்கே இப்படியென்றால், தாழ்வொலியை முழங்கவிடும் நிகழ்ச்சிக்குக் கேட்கவே வேண்டாம். அதனால்தான் அக்கறையுள்ள அருங்காட்சியகங்கள் நிகழ்ச்சிக்கு முன்பே அதிர்வுமானிகளைப் பொருத்திச் சோதிக்கின்றன. அந்தச் சோதனைக்குக் கலைஞரையும் உடன் அழைப்பது நல்லது. எந்தச் சுவர் எந்த ஒலிக்கு அதிர்கிறது என்பதைவிட அவருக்குப் பயன்படும் தகவல் வேறில்லை.

என் மனத்தாங்கல் வேறு வகையானது. பல இடங்களில் ஒலிக்கலை ஒரு திறப்புவிழா மாலையின் அலங்காரமாகவே அழைக்கப்படுகிறது. வருகிறவர்கள் கையில் கோப்பையோடு நின்று உரையாடிக்கொண்டிருக்க, மூலையில் ஒருவர் மாதக்கணக்கில் பண்படுத்திய ஒலியை நிகழ்த்திக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கொடுக்கப்பட்ட ஒத்திகை நேரம் மாலை வாசல் திறப்பதற்கு முந்தைய அரை மணியாக இருக்கும். ஓர் அறையில் அமைத்துவைத்து நாள்முழுதும் ஒலிக்கும் நிறுவல்களுக்கோ பக்கத்து அறையின் ஒலி எதிரியாகிறது. ஒளியைச் சுவர் தடுக்கும். கதவில்லாத வாசல் வழியே ஒலி வளைந்து வந்துவிடும். இதற்கு எளிய தீர்வாக எல்லோர் காதிலும் ஹெட்ஃபோனை மாட்டிவிடுகிறார்கள். அந்தக் கருவிக்கென்றே உருவான படைப்புகளும் இருக்கின்றன. அவற்றை நான் மறுக்கவில்லை. ஆனால் அறையில் ஒலிப்பதற்காக உருவானதை ஹெட்ஃபோனில் அடைப்பது, சிற்பத்தின் புகைப்படத்தை மாட்டிவிட்டுச் சிற்பத்தை வைத்துவிட்டோம் என்று சொல்வதாகும். அதற்குப் பதில் படைப்புகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம். நேரம் ஒதுக்கி மாற்றி மாற்றி ஒலிக்கவிடலாம். கனத்த கம்பளித் திரையைத் தொங்கவிடலாம். சபைன் மெத்தைகளைக் கொண்டு செய்தது அதைத்தான்.

உட்கார இடம் வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஓவியத்தைப் பார்ப்பவர் எத்தனை நேரம் நிற்பது என்பதைத் தானே முடிவுசெய்கிறார். ஒலியில் அந்த முடிவு படைப்பினுடையது. கலைஞர் ஜேனட் கார்டிஃபின் 2001ஆம் ஆண்டு நிறுவலில், ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் டாலிஸ் 16ஆம் நூற்றாண்டில் நாற்பது குரல்களுக்கு அமைத்த பாடல் நாற்பது ஒலிபெருக்கிகளில் ஒலிக்கிறது. ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடகரின் குரல். ஒலிபெருக்கிகள் ஆள் உயரத்தில் நீள்வட்டமாக நிற்கின்றன. நடுவில் நின்றால் பாடல் கேட்கும். ஒன்றின் அருகே போய்க் காதை வைத்தால் ஒரே ஒரு மனிதரின் குரல் கேட்கும், அவர் மூச்சு இழுப்பதும் குரல் சற்றே பிசகுவதும்கூடக் கேட்கும். மொத்தம் 14 நிமிடம். பாடலைத் தவிர மீதி மூன்று நிமிடம் போலப் பாடகர்கள் இடைவேளையில் இருமுவதும் அரட்டை அடிப்பதும் ஒலிக்கின்றன. அந்தப் பகுதியில் பலர் முடிந்துவிட்டதென்று வெளியேறிவிடுகிறார்கள். அரட்டையைக் கேட்டவருக்குத்தான் அடுத்த சுற்றில் நாற்பதும் முகங்களாகக் கேட்கும். வாசலில் சுற்று தொடங்கும் நேரத்தை எழுதிவைத்து, உள்ளே நாலு பெஞ்சுகளைப் போட்டுவிட்டால் எத்தனையோ பேர் இருந்து கேட்பார்கள்.

அந்த அறையிலேயே நாள்முழுதும் நிற்கும் காவலரைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. பார்வையாளர் ஒருமுறை கேட்பதை அவர் ஒரு நாளைக்கு முப்பது முறை கேட்கிறார், மாதக்கணக்கில் கேட்கிறார். காது களைத்துப்போகாமல் பணிமாற்றி விடுவது நிர்வாகத்தின் கடமை. அதோடு, அந்தப் படைப்பை மிக நன்றாக அறிந்தவரும் அவரே. எந்த ஒலிபெருக்கி நேற்றிலிருந்து லேசாகக் கரகரக்கிறது என்பதை நான் ஒரு முறை ஒரு காவலர் சொல்லித்தான் அறிந்தேன். அவர் சொன்னபின் கேட்டால் அது தெளிவாகக் கேட்டது.

கட்டடமும் படைப்பின் பகுதியாகிறது என்பது உடலால் செய்யும் நிகழ்த்துகலைக்கும் பொருந்தும். நிகழ்த்துகலைஞர் மரீனா அப்ரமோவிச் 2010இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் எழுநூறு மணிநேரத்துக்கு மேல் நாற்காலியில் பேசாமல் அமர்ந்து, எதிரே வந்து அமர்ந்தவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது எல்லோரும் அறிந்தது. அதே கண்காட்சியின் மேல்மாடியில் அவருடைய பழைய படைப்பொன்று மறுபடி நிகழ்த்தப்பட்டது இன்னும் கவனத்துக்குரியது. 1977இல் இத்தாலியின் பொலோனியா நகர நவீன கலைக்கூட வாசலில் அவரும் அவரோடு சேர்ந்து நிகழ்த்திவந்த உலாயும் ஆடையின்றி எதிரெதிராக நிற்க, உள்ளே போகிறவர் அவர்களுக்கு இடையே ஒருக்களித்து, யாரோ ஒருவரின் பக்கம் முகத்தைத் திருப்பியே நுழைய வேண்டியிருந்தது. போலீஸ் வந்து அதை நிறுத்தியது. 2010இல் பயிற்சிபெற்ற இளம் நிகழ்த்துநர்கள் அதை மறுபடி செய்தபோது, விரும்பாதவர்கள் சுற்றிப்போக வேறு வழியும் விடப்பட்டிருந்தது. பொதுக் கட்டடத்தின் பாதுகாப்பு விதிகள் அதைக் கோரியிருக்கலாம், நியாயமும் உண்டு. ஆனால் வேறு வழி இல்லை என்பதுதான் அந்தப் படைப்பின் உயிர். வாசல் இரண்டானதும் அது பார்க்கும் காட்சியாகிவிட்டது.

இதனால்தான் பாதுகாத்துவைப்பது பற்றிய கேள்வி இந்தக் கலையில் இவ்வளவு கடினமாக இருக்கிறது. பதிவு படைப்பாகாது. 1960இல் சிற்பி ஜான் டாங்லி அதே நவீன கலை அருங்காட்சியகத்தின் தோட்டத்தில், தன்னைத் தானே உடைத்துக்கொள்ளும் இயந்திரம் ஒன்றை இயக்கினார். உள்ளே ஒரு பியானோ தானே வாசித்து எரிய, 27 நிமிடத்தில் தீயணைப்பாளர் அதை நிறுத்தவேண்டியதாயிற்று. எஞ்சிய துண்டு ஒன்று இப்போது சேகரிப்பில் இருக்கிறது. அந்த மாலையின் ஓசை அதில் இல்லை. லூசியேயின் படைப்பு இதற்கு நேர்மாறானது. எந்தப் பேச்சை வேண்டுமானாலும், எந்த அறையிலும் செய்யலாம் என்று அவரே எழுதிவைத்திருப்பதால், அவர் 2021இல் மறைந்த பின்னும் ஒவ்வோர் அருங்காட்சியகமும் தன் சுவர்களைக் கேட்க அதைச் செய்துபார்க்க முடியும். கலைஞர் டினோ சேகல் இன்னும் ஒரு படி மேலே போய், தம் படைப்புகளைப் படமெடுக்கவும் எழுதிவைக்கவும் கூடாது என்கிறார். 2008இல் நவீன கலை அருங்காட்சியகம் அவருடைய 'முத்தம்' என்ற படைப்பை வாங்கியபோது ஒப்பந்தம்கூட வாய்மொழியாகவே முடிந்தது. ஆகவே அந்தப் படைப்பு இன்று ஒரு கிடங்கிலும் இல்லை. அதைக் கற்றுக்கொண்ட சில ஊழியர்களிடமும் நிகழ்த்துநர்களிடமும் இருக்கிறது. அவர்கள் ஓய்வுபெறும் முன் அடுத்தவருக்கு உடலால் செய்துகாட்டிக் கற்பிக்க வேண்டும். அதற்கான நேரத்தையும் ஊதியத்தையும் ஒதுக்குவதும், ஓவியத்தின் வண்ணம் உதிராமல் காப்பதைப் போலவே, இப்போது அருங்காட்சியகத்தின் அன்றாட வேலைகளில் ஒன்று.